மூலையில் மாட்டிய கறுப்புச் சதுரம்

ரஷ்ய ஓவியர் மாலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்' படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சுற்றிலும் வெள்ளை, நடுவில் கறுப்பு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று புத்தகத்தை மூடிவிட்டேன். பல வருஷம் கழித்து, அந்தப் படம் முதன்முதலில் காட்சிக்கு வந்தபோது எடுத்த புகைப்படம் கண்ணில் பட்டது. 1915 டிசம்பர், ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரம். மற்ற படங்களெல்லாம் சுவரில் இருக்க, இது மட்டும் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரையை ஒட்டி உயரத்தில் இருக்கிறது. ரஷ்ய வீடுகளில் கிறிஸ்துவும் மாதாவும் இருக்கிற படங்களை மாட்டுகிற மூலை அது. நாம் ஈசான மூலையில் சாமி படம் வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைத் தெரிந்துகொண்டதும் எனக்குச் சங்கரன்கோவில் ஞாபகம் வந்துவிட்டது. கோமதி அம்மன் சன்னதிக்கு எதிரே ஸ்ரீசக்கரம் வைத்த குழி ஒன்று உண்டு, மனசு சரியில்லாதவர்களை அதில் உட்கார வைப்பார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயம் ராத்திரி தூக்கமே வராமல் நான் கிடந்தபோது ஆச்சி என்னையும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். "இதுல உக்காந்தா என்ன ஆகும் ஆச்சி?" என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்காதளா, கண்ண மூடிட்டு சும்மா இரி" என்றாள். முகம், கை, ஆயுதம் எதுவும் இல்லை, வெறும் கோடும் கோணமும்தான், ஆனால் அன்றைக்கு அங்கே கிடைத்த அமைதி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. மாலேவிச் அந்த மூலையில் எதைத் தேடினார் என்பது எனக்கு அந்தக் குழி வழியாகத்தான் புரிந்தது.

மாலேவிச் காலத்தில் உருவங்களை விட்டுவிட்டு வெறும் வடிவமும் வண்ணமுமாக வரைந்த ஓவியர்கள் பலர், எல்லா மதங்களுக்கும் பொதுவான ஞானத்தைத் தேடிய பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) பக்கம் ஈர்க்கப்பட்டவர்கள். ஹாலந்து ஓவியர் மோந்திரியான் 1909-இல் தன் நாட்டில் அந்தச் சபையில் சேர்ந்தார். அதற்கப்புறம் அவர் வரைந்த 'பரிணாமம்' என்ற மூன்று படங்களில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள், ஒருத்தியின் இரண்டு பக்கமும் ஆறுமுனை நட்சத்திரம், நம் ஊர் வாசல் கோலத்தில் தினம் பார்க்கிற அதே வடிவம். சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றில். அதன் தலைவர் ஆல்காட் 1881-இல் திருநெல்வேலிக்கே வந்து நெல்லையப்பர் கோயிலில் ஒரு தென்னங்கன்று நட்டிருக்கிறார்! படித்தபோது சிலிர்த்துவிட்டது. அதற்காக எல்லாம் நம்மிடமிருந்துதான் போயிற்று என்று மார்தட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மோந்திரியான் கட்டுப்பாடான புராட்டஸ்டண்ட் வீட்டில் வளர்ந்தவர், மாலேவிச்சின் மூலை ரஷ்யக் கிராமத்து மூலை, அவரவர் பக்தி அவரவர் வீட்டிலிருந்து வந்தது.

இவர்களில் என் மனசுக்கு ரொம்ப நெருக்கம் சுவீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட். 1906 முதல் 1915 வரை 193 படங்கள், எல்லாம் ஒரு கோயிலுக்காக, ஆனால் அந்தக் கோயிலைக் கடைசிவரை யாரும் கட்டவில்லை. 'பீடப் படங்கள்' என்ற வரிசையில் ஒன்றில், பல வண்ண முக்கோணம் படிப்படியாகக் குறுகி மேலே போய்ப் பொன் வட்டத்தைத் தொடுகிறது. ரத வீதியில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தான் செத்து இருபது வருஷம் ஆகும்வரை இவற்றை யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டு, 1944-இல் அவர் போய்ச் சேர்ந்தார். பார்க்க ஆளே இல்லாமல் அத்தனையும் வரைய எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

மாலேவிச் 1935-இல் இறந்தபோது எடுத்த புகைப்படமும் இருக்கிறது. அவரைக் கிடத்தியிருக்கிறார்கள், தலைமாட்டுச் சுவரில் ஒரு கறுப்புச் சதுரம். ஆச்சி போன அன்றைக்கு அவள் தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தோம். அம்மா அதற்கு விடியவிடிய எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.