இரண்டு கட்டுகளுக்கு நடுவே ஒரு குளியல்

எங்கள் சின்னவனின் முதுகு வளைவை நிமிர்த்த உடம்பைச் சுற்றிப் போட்டிருந்த மாவுக்கட்டை மாற்றும் நாளுக்கு முந்தைய மாலையிலேயே பழைய கட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். மறுநாள் காலை மயக்க மருந்து கொடுத்துப் புதுக் கட்டு போடுவார்கள். நடுவில் ஒரு இரவு. இரண்டு மாதத்தில் அந்த ஒரு இரவில்தான் அவனுக்கு முழுக் குளியல்.

வெட்டும் கருவியின் சக்கரம் சுழலாது, அதிர மட்டுமே செய்யும், தோலில் பட்டால்கூட வெட்டாது என்று சொல்லியிருந்தார்கள். டெக்னீஷியன் தன் உள்ளங்கையில் வைத்தும் காட்டினார். ஆனால் அந்தச் சத்தத்தை ஒன்றரை வயதுக் குழந்தையிடம் எப்படி விளக்குவது? முதல் தடவை அலறி, மூச்சு பிடித்து, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. இரண்டாம் தடவை அவன் காதுகளை மூடும் கம்பளித் தொப்பி ஒன்றைப் பெரியவள் கொடுத்தனுப்பினாள். ஏழு வயதுக்காரி, தானாக யோசித்துக் கொடுத்தாள். அதைப் போட்டு, அவன் முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக்கொண்டே இருந்தேன். அழுதான். ஆனால் மூச்சு பிடிக்கவில்லை.

கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்ததும் அவன் பயந்துபோனான். அது இல்லாமல் உடம்பை எப்படி நிறுத்துவது என்று மறந்துவிட்டது போலிருந்தது. என் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். தோலில் செதில் செதிலாகப் பழைய தோல், பால் திரிந்தது போல ஒரு வாடை. தேய்க்கக் கூடாது, தானாக வருவதை மட்டும் எடுக்க வேண்டும். கிரீம் எதுவும் தடவக் கூடாது, தோல் மெத்தென்று ஆனால் புதுக் கட்டுக்குள் சீக்கிரம் புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்தேன். கையால் தண்ணீரை அள்ளி நெஞ்சில் விட்டுக்கொண்டான். அது வழிந்து இறங்குவதைக் குனிந்து பார்த்தான். மறுபடியும் அள்ளி விட்டான். நாற்பது நிமிடம் இதையே செய்தான். நானும் என் கணவரும் பேசவே இல்லை.

அன்று ராத்திரி என் மேல் படுக்க வைத்துத் தூங்க வைத்தேன். இரண்டு மாதமாக ஒரு பானையைக் கட்டிக்கொள்வது போலத்தான் அவனைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் விலா ஏறி இறங்குவது என் வயிற்றில் தெரிந்தது. விடியும்வரை நான் கண் மூடவில்லை.

ஆரம்பத்தைச் சொல்கிறேன். இதே கவலையோடு தேடி வந்திருப்பவர்களுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் தேவைப்படும்.

அப்போது அவனுக்கு ஏழு மாதம். துடைத்துவிட மடியில் குப்புறப் போட்டபோது இடப்பக்க முதுகு சற்று மேடாக இருந்தது. தூக்கித் திருப்பிப் போட்டேன், அப்படியேதான் இருந்தது. நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கணவரைக் கூப்பிட்டு, "இங்க கை வச்சுப் பாருங்க" என்றேன். அவர் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கவே இல்லை.

எட்டாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தோம். 24 டிகிரி வளைவு. முதுகுத்தண்டு பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை ஜான் கோப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் சொன்ன முறைப்படிதான் இன்றும் அளக்கிறார்கள். 10 டிகிரி எட்டினால் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர், "இந்த வயசுல தானா நேராயிடும், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. காரணம் தெரியாமல் கைக்குழந்தைகளுக்கு வரும் வளைவுகளில் நிறைய தானாகவே சரியாகின்றன. பையன்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் இடப்பக்கம் வளையும், சில குழந்தைகளுக்குத் தலையும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். மூன்றும் எங்கள் பையனுக்குப் பொருந்தின. ஆறு மாதமும் நம்பிக்கையோடுதான் காத்திருந்தோம். பதினான்காம் மாதம் அடுத்த படத்தில் 41 டிகிரி.

நான் அழுதது 41-க்காக இல்லை. இரண்டாவதாகப் பார்த்த எலும்பு மருத்துவர் எங்கள் பழைய எட்டாம் மாதப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பென்சிலால் நாலு கோடு போட்டார். வளைவின் உச்சியில் இருக்கும் முள்ளெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்புகள் இறங்குகின்றன அல்லவா, அவை இறங்கும் கோணத்தை இரு பக்கமும் அளந்து கழிக்க வேண்டும். வித்தியாசம் 20 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் தானே சரியாகும். 20-ஐத் தாண்டினால் கூடிக்கொண்டே போகும் வாய்ப்பு அதிகம். எங்கள் படத்தில் 27. எட்டாம் மாதத்திலேயே அது அங்கே இருந்திருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

இந்த அளவைச் சொன்னவர் மின் மேத்தா என்ற பெண் மருத்துவர். லண்டனில் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1972-இல் எழுதினார். நேராகப்போகும் குழந்தை எது, வளையப்போகும் குழந்தை எது என்று ஒரே எக்ஸ்ரேயில் ஊகிக்க ஒரு வழி. அப்புறம் 2005-இல் 136 குழந்தைகளின் கதையை வெளியிட்டார். வளர்ச்சிதான் வளைவைக் கூட்டுகிறது, அதே வளர்ச்சியைப் பிடித்துத் திருப்பினால் அதுவே நிமிர்த்தும் என்பது அவர் சொன்னது. சராசரியாக 1 வயது 7 மாதத்தில் கட்டு போட வந்த 94 குழந்தைகளுக்கு முதுகு முழுக்க நேரானது. சராசரியாக 2 வயது 6 மாதத்தில் வந்த 42 பேருக்கு வளைவு குறைந்தது, மறையவில்லை. எல்லாக் குழந்தைக்கும் இது அப்படியே பொருந்தாதுதான். ஆனால் அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் உள்ள இடைவெளி பதினொரு மாதம். அதில் ஆறு மாதத்தை நாங்கள் காத்திருந்தே கழித்தோம். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களிடம் "பார்ப்போம்" என்று சொன்னால், "விலா எலும்புக் கோண வித்தியாசம் எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள். அளந்து பார்த்துவிட்டுக் காத்திருங்கள் என்றால் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

கட்டு போடுவதற்கு முன் எம்ஆர்ஐ எடுத்தார்கள். சின்னக் குழந்தைக்கு வளைவு 20 டிகிரிக்கு மேல் இருந்தால் தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி இருக்கிறதா, சிறுமூளையின் அடிப்பகுதி கீழே இறங்கியிருக்கிறதா, தண்டுவடம் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார்களாம். எங்களுக்கு எதுவும் இல்லை. மயக்க மருந்துதான் என்னை வாட்டியது. மூன்று வயதுக்குள் திரும்பத் திரும்பவோ, மூன்று மணி நேரத்துக்கு மேலோ மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் எச்சரித்திருந்தது. அதை மயக்க மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு மணி நேரம்தான் ஆகும் என்றார். "முதுகை விட்டுட்டா நுரையீரலுக்கு இடமில்லாமப் போறது நிச்சயம். அதையும் இதையும் ஒரே தராசுல வச்சுப் பாருங்க" என்றார். ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தோம். காலையில் கையெழுத்துப் போட்டோம்.

கட்டு போடும் முறையைப் பற்றி எனக்கு ஒரு தப்பான எண்ணம் இருந்தது. வளைந்த கம்பியை அமுக்கி நிமிர்த்துவது போல விலாவைப் பக்கத்திலிருந்து அமுக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் விலா உள்ளே மடங்கி நெஞ்சு சுருங்கிவிடும். முதுகெலும்பு வளையும்போது முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அந்த முறுக்கைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். சட்டம் போன்ற ஒரு மேசையில் படுக்க வைத்து, தலைப்பக்கமும் இடுப்புப்பக்கமும் மெதுவாக இழுத்துப் பிடித்து, உடம்பைத் திருப்பி வைத்து, அதன் மேல் கட்டுகிறார்கள். பின்பு வயிற்றில் பெரிய ஜன்னல், சாப்பிடவும் மூச்சு விடவும். முதுகில் பள்ளமான பக்கம் இன்னொரு ஜன்னல், அமுங்கிய விலா வெளியே வர இடம் வேண்டுமே, அதற்கு.

முதல் கட்டோடு வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பதினாறு மாதம். நடந்துகொண்டிருந்த பிள்ளை மல்லாந்த ஆமை மாதிரி கிடந்தான். உருளத் தெரியவில்லை, உட்காரத் தெரியவில்லை, என்னைப் பார்த்துப் பார்த்து அழுதான். நான்காம் நாள் தவழ்ந்தான். ஒன்பதாம் நாள் சோபாவைப் பிடித்து எழுந்து நின்று, மூன்று அடி வைத்து, விழுந்து, சிரித்தான். குழந்தைகள் கட்டுக்குப் பழகிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது நாள் எப்படிப் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

கட்டோடு வாழ்வது கையும் கண்ணும் மூக்கும் சம்பந்தப்பட்ட வேலை. டயபரைக் கட்டின் விளிம்புக்குள் செருகி, அதன் மேல் பெரிய அளவு டயபர் ஒன்றைக் கட்ட வேண்டும். கசிந்தால் கட்டு நாறும், தோல் வெந்துவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு திணறி வாந்தி எடுப்பான், அதனால் ஆறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். சாப்பிடும்போது கழுத்தைச் சுற்றித் துண்டு. ஒரு பருக்கை உள்ளே போனால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டான். வியர்த்தால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் மட்டும் வைத்து விளிம்பில் காட்டுவோம். சூடான காற்று கூடவே கூடாது. அரிக்கிறது என்று குச்சி, ஸ்கேல் எதையும் உள்ளே விடக் கூடாது.

ராத்திரி வேலை என் கணவருடையது. பத்து மணிக்கு டார்ச் அடித்து அக்குள், இடுப்பெலும்பு, ஜன்னல் ஓரம் எல்லாம் பார்த்து, சிவப்பு இருந்தால் ஒரு நோட்டில் குறிப்பார். பிறகு விளிம்பில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். புது வாடை வந்தால் உள்ளே புண் என்று அர்த்தம். நான்காம் கட்டில் அப்படித்தான் கண்டுபிடித்தார். அன்றே கூப்பிட்டு, கட்டின் ஓரத்தை வெட்டி அகலப்படுத்தினார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் கட்டையே எடுத்திருப்பார்கள். பதினான்கு மாதமாக ஒரு இரவுகூடத் தவறாமல் பார்த்தவர் அவர்.

என் மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்தவர்களில் ஒருவர், "ஒரே பக்கமா இடுப்புல தூக்கிட்டே இருந்தா வளையாதா பின்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவனை அதிகம் தூக்கியது அத்தைதான். அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் குழந்தையைத் தொடவில்லை. எனக்கு முதலில் புரியவில்லை, கோபம்கூட வந்தது. புரிந்ததும் அடுத்த மருத்துவர் சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போனேன். மருத்துவர் அவரைப் பார்த்தே சொன்னார்: "அம்மா, தூக்குறதால இது வராது. கட்டோட தூக்கினாலும் ஒண்ணும் ஆகாது. நல்லாத் தூக்குங்க." வெளியே வந்ததும் அத்தை அவனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். வண்டி வரும்வரை இறக்கவில்லை.

பெரியவளிடம்தான் எனக்குக் கடன் அதிகம். நான்காம் கட்டு சமயம் அவள் வகுப்பு ஆசிரியர் கூப்பிட்டு, இவள் மத்தியானம் வகுப்பில் தூங்கிவிடுகிறாள் என்றார். விசாரித்தால், தம்பி அழுதால் எனக்குத் தெரியாமல் எழுந்துபோய்க் கட்டின் மேல் தாளம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தட்டினால் அவன் அடங்குவானாம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். அதையும் எத்தனையோ வாரம் காப்பாற்ற முடியவில்லை.

காத்திருப்பு அறையில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். அவர் மகளுக்குப் பிறவியிலேயே ஒரு முள்ளெலும்பு பாதிதான் உருவாகியிருந்தது. மாவுக்கட்டால் முழுக்கத் தீராத வகை. முதுகில் கம்பி வைத்து, வளர வளர அதை நீட்டிக்கொண்டே போகிறார்கள். எலும்பை ஒட்டவைத்து ஒரேயடியாக முடித்துவிடக் கூடாதா என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். முதல் ஐந்து வருடத்தில் முதுகு வருடத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வளர்கிறது, பிறகு பத்து வயதுவரை அதில் பாதி. சீக்கிரமே ஒட்டவைத்தால் நெஞ்சுக்கூடு வளராது, நுரையீரல் உள்ளே நெருக்கப்படும். அந்தக் குழந்தை எங்கள் பையனின் கட்டைத் தடவிப் பார்த்து, "எனக்கு உள்ள இருக்கு" என்றது.

எங்களுக்கு மொத்தம் ஆறு கட்டுகள். இரண்டு வயதுவரை இரண்டு மாதத்துக்கு ஒன்று, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று. 41 என்று இருந்தது முதல் கட்டுக்குள் 24 ஆனது. மூன்றாவதில் ஒரு டிகிரிகூட நகரவில்லை, அந்த இரண்டு மாதம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவனது முப்பதாம் மாதத்தில் ஆறாவதைக் கழற்றி எடுத்த படத்தில் 8.

இப்போது பிளாஸ்டிக் பெல்ட். தினமும் ஒரு மணி நேரம் கழற்றலாம், அது முழுக்கக் குளியலுக்கே போகிறது. வேகமாக வளரும் பருவம் இன்னொரு தடவை வரும், அதுவரைக்கும் படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது நான்கு மாதம் கழித்து. எட்டாம் மாதப் படத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்திருக்கிறேன், உறைகளின் மேல் பெரியவள் தேதி எழுதியிருக்கிறாள். அந்த முதல் படத்தின் உறையில் மட்டும், தேதிக்குக் கீழே, 27 என்று நான் எழுதினேன்.