வேலூரில் 0.3 சதவீதம்: டிமென்ஷியா அளவீட்டில் ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் நான் எடுத்த தலைப்பு, முதியோரின் டிமென்ஷியாவை, அதாவது நினைவும் சிந்தனையும் மங்கும் நோயை, நாட்டுக்கு நாடு எப்படி அளக்கிறார்கள் என்பது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்விக்கே மாட்டிக்கொண்டேன். "இந்திய முதியோரில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்கிறாய். அடுத்த பக்கத்தில் வேலூரில் 0.3 என்கிறாய். எதை நம்புவது?" இரண்டையும் நான்தான் எழுதியிருந்தேன், ஆனால் சேர்த்து வைத்துப் பார்க்கவே இல்லை. நீங்களும் அப்படி முழிக்க வேண்டாம்.

அந்த 0.3 சதவீதத்தை வெளியிட்டது 10/66 என்ற ஆய்வுக்குழு, 2008இல் லான்செட் மருத்துவ இதழில். 65 வயதைத் தாண்டியவர்களிடம் எடுத்த கணக்கு. குழுவின் பெயருக்கே ஒரு கதை உண்டு: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்ற ஆதங்கம். டி.எஸ்.எம்-4 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டின் வரையறைப்படி பார்த்தபோது கிராமப்புற இந்தியாவில், அதாவது வேலூர்ப் பக்கம், 0.3, கியூபாவில் 6.3. அதே ஆட்களைக் குழு தன் சொந்த முறையில் கணித்தபோது, எல்லா ஊர்களும் 5.6க்கும் 11.7க்கும் நடுவில் வந்துவிட்டன. ஆள் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

ஏன் என்பது எனக்குக் களத்தில்தான் புரிந்தது. டி.எஸ்.எம்-4இன்படி மறதி மட்டும் போதாது, அதனால் அன்றாட வாழ்க்கையும் கெட்டிருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது வீட்டார். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் மருமகளிடம் கேட்டேன். "மாமியாருக்கா? ஒரு குறையும் இல்லம்மா. வயசானா கொஞ்சம் மறக்கும்." கடைக்குப் போவார்களா? "நான் போயிடுவேன்." சமையல்? "முன்னாடி செய்வாங்க. குழம்புல ரெண்டு தடவை உப்பு போட்டாங்க, அதுலேருந்து அடுப்பாண்ட விடறதில்ல." பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அந்த உப்பு வந்தது. "அன்றாட வேலையில் சிரமம் உண்டா" என்று மட்டும் கேட்டு 'இல்லை'யில் டிக் அடித்திருந்தால் அந்த ஆயா கணக்கிலேயே வந்திருக்க மாட்டார். கூட்டுக் குடும்பம் குறையை மூடிவிடும். வேலை பறிபோனது மரியாதையாகத் தெரியும்.

மறுபக்கமும் உண்டு: நோய் இல்லாதவரையும் சோதனை நோயாளியாகக் காட்டிவிடலாம். எம்.எம்.எஸ்.இ. என்ற 30 மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் வந்தது. அதில் ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்ய வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பென்சிலே பிடிக்காத ஒரு ஆயா "இது எனக்கு வராது கண்ணு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அது பள்ளிக்கூடம் போகாததன் மதிப்பெண், மூளையின் மதிப்பெண் அல்ல. இதற்காகவே எச்.எம்.எஸ்.இ. என்ற இந்தி வடிவம் செய்தார்கள்: வார்த்தையைத் தலைகீழாக எழுத்துக்கூட்டுவதற்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்வது, படிப்பதற்குப் பதில் எதிரில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்வது.

மொழிபெயர்ப்பை மட்டும் சுலபமாக நினைக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள் சொல்ல முடிகிறது என்று ஒரு சோதனை. நான் "மிருகம்" என்று கேட்டேன். புலி, சிங்கம், கரடி என்று காட்டோடு நின்றுவிட்டார்கள். "ஆடு மாடெல்லாம் மிருகமா?" என்று ஒருவர் என்னையே திருப்பிக் கேட்டார். ஒரே ஒரு சொல்லால் மதிப்பெண் சரிந்தது. முன்னோட்டத்திலேயே தெரிந்ததால் பிழைத்தேன்.

சரி, அந்த 7.4? அது லாசி-டேட் என்ற தேசிய ஆய்வின் கணக்கு. 60 வயதைத் தாண்டிய 4,096 பேர். 2023இல் வந்த மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. லாசி-டேட், முதியோரின் நினைவாற்றலையும் சிந்தனையையும் பல நாடுகளில் ஒரே விதமாக அளக்கும் எச்கேப் என்ற பொதுத் திட்டத்தின் இந்திய வடிவம். அமெரிக்காவில் 2016இல் தொடங்கிய அதே வரிசைச் சோதனைகள் இங்கிலாந்து, மெக்சிகோ, சீனா, தென்னாப்பிரிக்கா என்று போயிருக்கின்றன. எல்லாக் கேள்வியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பொதுவான சில கேள்விகளைப் பாலமாக வைத்துத்தான் மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். எது பாலம், எது உள்ளூர்ச் சரக்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைவாவில் இரண்டாவது கேள்வி அதுதான்.

அதனால் கட்டுரைகளுக்கு முன் கேள்வித்தாளைப் படியுங்கள். இப்படிப்பட்ட முதியோர் ஆய்வுகளைத் தொகுத்து வைத்திருக்கும் கேட்வே டு குளோபல் ஏஜிங் இணையதளத்தில் பதிவு செய்தால் கேள்வித்தாளும் டேட்டாவும் கிடைக்கும். மொத்த மதிப்பெண்ணை எடுத்து உடனே ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கைப் போடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. முதலில் ஒவ்வொரு கேள்வியையும் படித்தவர், படிக்காதவர் என்று பிரித்துப் பாருங்கள். நான் அதைச் செய்தது திருத்திய பிரதியில்தான், வைவா முடிந்து மூன்று வாரம் கழித்து. எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். எனக்கு அதிலேயே ஒரு பருவம் போனது.