பிளஸ் டூ வருஷம்: ஜெராக்ஸ் கடையில் இருந்து பார்த்தால்

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஸ்பைரல் பைண்டிங். பிளஸ் டூ எப்படிப் போகும்னு வாத்தியாருங்க பாடத்தை வச்சுச் சொல்வாங்க. எனக்கு மெஷின்ல வந்து விழற பேப்பரை வச்சுத்தான் தெரியும். செப்டம்பர்ல காலாண்டுக் கேள்வித்தாள், டிசம்பர்ல அரையாண்டு, பொங்கல் முடிஞ்சதும் திருப்புதல் தேர்வு, பிறகு செய்முறைத் தேர்வு, மார்ச் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். மே மாசம் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இந்தக் கடைசி மூணும் மே மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மார்க் விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். ஆறு பாடம், மொத்தம் 600. முன்ன 1200 இருந்ததால சில அப்பாக்கள் இன்னும் "ஆயிரம் தாண்டுவானா?"ன்னு கேக்கறாங்க. இயற்பியல், வேதியியல் மாதிரி செய்முறை இருக்கற பாடத்துக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தமிழ், இங்கிலீஷ், கணக்குக்கு 90-ம் 10-ம். பாஸ் மார்க் 35. "முப்பது கையில கீதுண்ணா, அஞ்சு எடுத்தா தாண்டிடலாம்"னு சொல்ற பையன் வருஷா வருஷம் ஒருத்தன் வருவான். எழுத்துத் தேர்விலேயே 70-க்கு 15 எடுத்தாகணும்னு சொன்னா மூஞ்சி மாறிடும்.

இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்கு. கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணக்குல 80, இயற்பியல் 70, வேதியியல் 76-ன்னா 80, 35, 38 சேர்த்து 153. இதைப் பார்த்துட்டு தமிழையும் இங்கிலீஷையும் கைவிடறவங்க உண்டு. ஒண்ணுல போனாலும் கவுன்சிலிங்கே இல்லையேப்பா. நீட் தனிக் கதை, அதுக்குள்ள நான் போகல.

2025-26ல் இருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லைன்னு ஆகிடுச்சு. அதனால இனி வர்ற பசங்களுக்குப் பத்தாவதுக்கு அப்புறம் நேரா பிளஸ் டூ தான் பெரிய பரீட்சை. பத்து மணிக்கு உள்ள போய், கேள்வித்தாள் படிக்கப் பத்து நிமிஷம், விவரம் சரிபார்க்க அஞ்சு நிமிஷம், அப்புறம் மூணு மணி நேரம் எழுதிட்டு ஒண்ணே காலுக்கு வெளிய வரணும். நம்ம வெயில்ல அந்த ஒண்ணே கால் மணி எப்படி இருக்கும்னு வேலூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். தண்ணி பாட்டிலும் தொப்பியும் வாங்கி வச்சிடுங்க.

பரீட்சை நேரத்துல சாயங்காலம் ஒரு கூட்டம் வரும், "அண்ணா, இத்த மைக்ரோ எடுத்துக் குடுங்க"ன்னு. ஒரு பக்கத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித் தரணுமாம். நான் எடுக்கறதில்ல. அந்த அளவு எழுத்தைப் பயந்துகினே படிக்கற நேரத்துல, பாடத்தையே படிச்சிடலாம்.

இப்ப பேப்பர் விஷயம். பள்ளியில பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயார் பண்ணுவாங்க. நாமினல் ரோல்னு சொல்வாங்க. கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும்போது பையன் பேனாவை வாங்கி கிறுக்கிட்டுப் போயிடறான். அங்கதான் நின்னு படிக்கணும். மார்க் ஷீட்ல பேர் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் வரும். ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பள்ளிப் பதிவுல முன்னாடி. ஒண்ணுல ஒரு 'எச்' கூட, இன்னொண்ணுல இல்ல. பிறந்த தேதி வேற. அச்சாகறதுக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர் ரூம்ல முடியற வேலை, அச்சானப்புறம் மாசக்கணக்குல அலையவிடும்.

சான்றிதழுங்க இ-சேவையில போட்டா கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), அப்புறம் தாலுகா ஆபீஸ்னு ஒவ்வொருத்தரா பார்த்துத்தான் வரும். பழங்குடின்னா சாதிச் சான்று கோட்டாட்சியர் தரணும், அதுக்கு இன்னும் முன்னாடியே போடணும். வருமானச் சான்று ஒரு வருஷம் செல்லும், அரையாண்டு லீவுல எடுத்தாலும் அடுத்த ஜூனுக்கு ஆகும். முதல் பட்டதாரிக்கு வீட்டுல யாரும் டிகிரி முடிக்கலன்னு காட்டணும். அப்பாவோட பழைய டிசியைத் தேடி எடுத்தா அதுல 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'னு இருக்கும், பயப்பட வேணாம், நம்ம மாவட்டம்தான். காமராஜர் 1954 இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்ச ஊர் இது. இன்னிக்கும் இந்த முதல் பட்டதாரிச் சான்றுக்கு என் கடையில வரிசை நிக்குதுன்னா யோசிச்சுக்கோங்க.

போன மே மாசம் பீடி சுத்தற ஒரு அம்மா பொண்ணைக் கூட்டிகினு வந்தாங்க. எல்லாம் சரியா இருந்தது, ஓடிபி மட்டும் வரல. "அது பெரியவன் நம்பருக்குப் போவுது தம்பி. அவன் பெங்களூர்ல கீறான். வேலையில இருக்க சொல்ல போனை எடுக்க மாட்டான்." சாயங்காலம் வரைக்கும் கடையிலேயே உக்காந்திருந்தாங்க. ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு டிசம்பர்லயே பார்த்திருந்தா அவங்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

ரிசல்ட்டு, கவுன்சிலிங் பதிவு எல்லாம் மே மாசத்துல நெருக்கியடிச்சு வரும். நம்ம ஊர்ல வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வேற. அந்த ரெண்டு மூணு நாள் தேரும் ஜனமும்தான், ஃபைல் நகராது.

ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவம், இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. நடுவுல பள்ளி மாறியிருந்தா ஒவ்வொரு பள்ளியிலும் படிச்சதுக்குச் சான்று வேணும். நம்ம பக்கம் மிஷன் பள்ளி, உதவிபெறும் பள்ளி நிறைய. சம்பளத்தை கவர்மெண்ட் குடுக்குதேன்னு அதையும் அரசுப் பள்ளின்னு நினைச்சுக்கறாங்க. இந்த ஒதுக்கீட்டுல அது சேராது.

ஒரு பாடத்துல போயிடுச்சுன்னா வருஷம் போகல. துணைத்தேர்வு சீக்கிரமே வரும், பாஸ் பண்ணி அதே வருஷம் காலேஜ் சேரலாம். இது தெரியாம அடுத்த வாரமே ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனவங்களை எனக்குத் தெரியும். மார்க்ல சந்தேகம்னா முதல்ல விடைத்தாள் நகல் வாங்கணும், அதைப் பார்த்துட்டுத்தான் மறுகூட்டலா மறுமதிப்பீடான்னு முடிவு பண்ணணும்.

டிசியும் மார்க் ஷீட்டும் கைக்கு வந்ததும் நேரா லேமினேஷனுக்குத் தூக்கிகினு வராதீங்க, நான் பண்ண மாட்டேன். பிளாஸ்டிக் ஃபைல் ஒண்ணு போதும். ஒரிஜினல் டிசியைக் காலேஜ்ல வாங்கி வச்சுக்குவாங்க, அதுக்கு முன்னாடி நல்லா தெரியற மாதிரி அஞ்சாறு காப்பி எடுத்துக்கோங்க. என் கடையிலதான் எடுக்கணும்னு இல்ல.