குறியாக்கம் செய்த கணினி ஏன் தாமதமாகத் தொடங்குகிறது?

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் மின்சாரம் அடிக்கடி தடைப்படுவதால், சிறு தேயிலை விவசாயிகளின் கணக்குகளைக் காக்கும் பொருட்டு லக்ஸ் (LUKS) என்னும் முறையில் வட்டு முழுவதையும் கடவுச்சொல்லின்றிப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்திருக்கும் என் அண்ணனின் லினக்ஸ் கணினியைப் பலமுறை தொடங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நெடுநேரம் ஆனது.

காத்திருப்பு எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லிலிருந்து திறவுகோலை உருவாக்கும் கணக்கீடு, திருடுபவர் ஊகித்துப் பார்ப்பதைக் கடினமாக்குவதற்காக வேண்டுமென்றே மெதுவாக அமைக்கப்பட்டது. லினக்ஸில் ஏறத்தாழ 2 விநாடி பிடிக்குமாறு அளந்து வைக்கப்படும் அந்தக் கணக்கீட்டின் சுற்றுகளை, மையச் செயலியின் (CPU) விரைவு வசதிகளைப் பயன்படுத்தாத கிரப் (லினக்ஸுக்கு முன் இயங்கி அதைத் தொடங்கிவைக்கும் நிரல்) செய்து முடிக்கப் பல மடங்கு நேரமாகிறது. சுற்றுகளைக் குறைத்தால் பாதுகாப்பும் குறையும் என்பதால் அதில் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கக் கோப்புகள் உள்ள பூட் பகுதியைக் குறியாக்கமின்றித் தனியே வைத்து, கடவுச்சொல்லைக் கிரப்புக்குப் பதிலாக லினக்ஸே கேட்கும்படி மாற்றினோம். அப்பகுதியில் பிறர் கைவைக்க இடமுண்டு என்பதை அண்ணன் அறிந்தே ஏற்றுக்கொண்டார்.

எஞ்சிய தாமதத்திற்குக் காரணம் வேறு. அழித்துவிட்ட பழைய ஸ்வாப் பகுதியின் (நினைவகத்துக்குத் துணையான வட்டு இடம்) அடையாள எண், குறியாக்கப் பகுதிகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் தங்கியிருந்ததால், லினக்ஸின் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி அதற்காக 90 விநாடி காத்திருந்தது. அந்த வரியையும், இணைக்க வேண்டிய வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருந்த அதன் இணையையும் நீக்கி, லினக்ஸ் தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் தொடக்கப் படிமத்தைப் புதுப்பித்ததும் அது தீர்ந்தது.

இவற்றைத் தொடுமுன் திறவுகோல் விவரங்கள் உள்ள லக்ஸ் தலைப்புப் பகுதியை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். நகலின்றி அத்தலைப்புப் பகுதி சிதைந்தால், சரியான கடவுச்சொல் இருந்தும் தரவு மீளாது.