லோகோவைப் படிக்க முடியாத பேண்ட்டை ரேடியோவில் எப்படி அறிவிப்பார்கள்?

நியூஜெர்ஸியில் செட்டன் ஹால் என்று ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மாணவர்கள் நடத்தும் டபிள்யூஎஸ்ஓயூ 89.5 எஃப்எம் 1986-லிருந்து ஹெவி மெட்டல் போட்டுக்கொண்டிருக்கிறது, நம்பினால் நம்புங்கள். இணையத்திலும் வருகிறது. அங்கே ராத்திரி நிகழ்ச்சி ஓடும்போது சென்னையில் பொழுது விடிந்திருக்கும், ஆகவே ஃபில்டர் காபியோடு டெத் மெட்டல், வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொண்டால் சரி.

சொந்தக் காசைப் போட்டு ஆல்பம் வெளியிடும் பேண்ட்காரர்கள் பலர் இந்த மாதிரி இடங்களை விட்டுவிட்டுப் பெரிய வணிக ஸ்டேஷன்களுக்கு மெயில் மேல் மெயில் அனுப்புகிறார்கள். அங்கே மைக்கில் பேசுகிறவர் கையில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை, பாட்டுப் பட்டியல் மேலிருந்து வரும். கல்லூரி ரேடியோவிலோ சமூக வானொலியிலோ வாரம் ஒரு ராத்திரி மெட்டல் நிகழ்ச்சி நடத்துகிற ஆளுக்குத்தான் தனக்குப் பிடித்ததைப் போடும் சுதந்திரம் இருக்கும். அந்த ஒரு ஆளைப் பிடியுங்கள். அதற்கு முன்னால் அவர் நிகழ்ச்சியை ஒரு தடவையாவது முழுதாகக் கேளுங்கள். மெதுவாக நகரும் டூம் மெட்டல் மட்டுமே போடுகிறவருக்குப் படுவேகமான கிரைண்ட்கோர் அனுப்பி என்ன பயன்?

1979-ல் டெஃப் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் பேண்ட் செய்ததும் இதுதான். சொந்த லேபிளில் ஒரு ஈபி, அதாவது சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன இசைத்தட்டு, போட்டார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு இசைத்தட்டு சுழற்ற வந்திருந்த ரேடியோ அறிவிப்பாளர் ஜான் பீலிடம் பாடகர் ஜோ எலியட் நேராகப் போய் அதைக் கொடுத்தார், பீல் பிபிசி ரேடியோ 1-ல் போட்டார். 1987-ல் நேபாம் டெத் என்ற கிரைண்ட்கோர் பேண்டைத் தன் நிகழ்ச்சிக்காக வாசித்துப் பதிவு செய்யும் செஷனுக்குக் கூப்பிட்டதும் அதே பீல்தான். இன்றைக்கு பிரிட்டனில் மேடையேறி யாரையும் மறிக்க வேண்டியதில்லை, புதியவர்களுக்கான பிபிசி இன்ட்ரட்யூசிங் தளத்தில் பாட்டை ஏற்றினால் உங்கள் வட்டார நிகழ்ச்சிக்குப் போய்விடும்.

சரி, என்ன அனுப்புவது? அமெரிக்காவில் காலை 6 மணியிலிருந்து ராத்திரி 10 வரை ஒலிபரப்பில் கெட்ட வார்த்தை வரக்கூடாது, மீறினால் ஸ்டேஷனுக்கு அபராதம். அதற்குப் பயந்து ராத்திரியிலும் விடாத ஸ்டேஷன்கள் உண்டு. மெட்டலில் கூடுதல் சங்கடம், உறுமலில் என்ன பாடுகிறார் என்று அவருடைய அம்மாவுக்கே புரியாது. புரியாததைப் போட்டு மாட்டிக்கொள்ள எந்த மாணவனும் விரும்பமாட்டான். அதனால் வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். கெட்ட வார்த்தை இருந்தால் அதை நீக்கிய ரேடியோ எடிட்டையும் சேர்த்து.

அந்த எடிட்டிலேயே முன்னால் வரும் மழைச் சத்தம், கோயில் மணி, இரண்டு நிமிட கிடார் முனகல் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். வலிக்கும், தெரியும். ஆனால் ஐம்பது பாட்டு குவிந்து கிடக்கிற ஆள் முதல் அரை நிமிடத்தில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) வரவில்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுவார். கோப்பின் பெயர் ‘ஃபைனல் மாஸ்டர் 3’ என்று இருக்கக்கூடாது, பேண்ட் பெயரும் பாட்டுப் பெயரும் இருக்க வேண்டும். அப்புறம் அந்த லோகோ! காய்ந்த முள்செடியை ஸ்கேன் செய்த மாதிரி இருக்கும், டி-ஷர்ட்டுக்கு அழகுதான், மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிப் படிப்பார்? பெயரை எப்படி உச்சரிப்பது என்று மெயிலில் ஒரு வரி எழுதுங்கள்.

பணம் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் சாதாரண எஃப்எம்மில் பாட்டு ஓடினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் ராயல்டி, வாசித்தவருக்கு ஒன்றும் கிடையாது. அதே பாட்டு சாட்டிலைட் ரேடியோவிலோ இணைய ரேடியோவிலோ ஓடினால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு ராயல்டியை வசூலித்து, 45 சதவீதத்தைப் பிரதானக் கலைஞர்களுக்கும் 50 சதவீதத்தை ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் தருகிறது. சொந்தமாக வெளியிட்ட பேண்டுக்கு இரண்டுமே தன் பங்குதான், ஆனால் பதிவு செய்திருந்தால்தான் கைக்கு வரும். இவ்வளவு தொகைக்கு இத்தனை முறை நிச்சயம் ஓடும் என்று யாராவது மெயில் அனுப்பினால் பதிலே போடாதீர்கள். காசு வாங்கியதைச் சொல்லாமல் பாட்டுப் போடுவது அங்கே சட்டப்படி குற்றம்.