ஆன்யாங்: எலும்பில் கீறிய கோதுமை

ஜூன் தொடக்கத்தில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் எங்கு திரும்பினாலும் கோதுமை அறுவடைதான். நாட்டின் கோதுமையில் ஏறக்குறைய கால் பங்கு இங்கேதான் விளைகிறது. மாகாணத் தலைநகர் ஜெங்ஜோவிலிருந்து ஆன்யாங்குக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஊருக்கு வெளியே சாலையோரங்களில் தானியத்தைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள்.

ஷாங் அரசர்களின் கடைசித் தலைநகர் இருந்த இடம் இது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் ஆமையின் அடி ஓட்டிலும் சூடு வைத்து, விழுகிற விரிசலைப் பார்த்துக் குறி சொல்லியிருக்கிறார்கள். கேட்ட கேள்வியை அதன் பக்கத்திலேயே கீறியும் வைத்தார்கள். 2009-இல் திறந்த எழுத்து அருங்காட்சியகத்துக்கு அதைப் பார்க்கத்தான் போனேன்.

'லாய்' என்றால் 'வா'. சீனம் படிக்கத் தொடங்கியதுமே காதில் விழுகிற சொல். அதன் பழைய வடிவத்தை உடன் வந்த தோழி காட்டினார். நடுவே ஒரு தண்டு, இருபுறமும் தொங்கும் இலைகள், கீழே வேர். அப்பட்டமான கோதுமைச் செடி! வருவதை எப்படி வரைவது? கோதுமையின் பெயரும் அதே ஓசையில் இருந்ததால், அந்தப் படத்தையே கடன் வாங்கிவிட்டார்கள். அப்புறம் கோதுமைக்கு இன்னொரு எழுத்து நிலைத்தது: அதே செடி, அடியில் ஒரு பாதம். அதை 'மாய்' என்கிறார்கள்.

ஷூ ஷென் தொகுத்து, கி.பி. 121-இல் பேரரசருக்கு அளிக்கப்பட்ட அகராதி வேறு காரணம் சொல்கிறது: வானத்திலிருந்து வந்த தானியம், அதனால்தான் 'வா'. அவரும் ஹெனான்காரர்தான். ஆனால் இந்த எலும்புக் கீறல்கள் எழுத்து என்று அறிஞர்களுக்குத் தெரியவந்ததே 1899-இல். ஓசைக் கடன் என்பதைத்தான் நான் ஏற்கிறேன். ஆனாலும் ஷூ ஷென்னை ஒதுக்க மனம் வரவில்லை. கோதுமை மேற்கு ஆசியாவிலிருந்து சீனாவுக்கு வந்த பயிர்தானே.

எனக்கு மிகவும் பிடித்தது மழை கேட்கும் ஒரு வாசகம். இன்று மழை உண்டா? மேற்கிலிருந்து வருமா, கிழக்கிலிருந்தா, வடக்கிலிருந்தா, தெற்கிலிருந்தா? நான்கு கேள்வியிலும் 'வரும்' என்ற இடத்தில் அந்தக் கோதுமைச் செடி நிற்கிறது.

கிடைத்த எழுத்துகள் சுமார் 4,500. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கை இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை. ஓர் எழுத்தைப் படித்து நிறுவினால் ஒரு லட்சம் யுவான் பரிசு என்று 2016-இல் இந்த அருங்காட்சியகம் அறிவித்தது. இங்கே போகிறவர்கள், அந்த ஷாங் தலைநகரின் எச்சங்கள் இருக்கும் யின்ஷு அகழாய்வு இடத்துக்கும் சேர்த்து ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.