கலஹாரியில் தண்ணீர்க் கணக்கு

கலஹாரி ஆக்ராபீஸ் எக்ஸ்ட்ரீம் மாரத்தான் என்பது தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில், ஆரஞ்சு ஆற்றை ஒட்டிய பாறையிலும் மணலிலும் 7 நாள்களில் 6 கட்டங்களாக நடக்கும் சுமார் 250 கி.மீ. ஓட்டம். ஏற்பாட்டாளர்கள் தண்ணீரும் தங்குவதற்கு நிழலும் தருவார்கள். ஒரு வாரத்துக்கான உணவு, உறங்கும் பை, தலைவிளக்கு, மருந்து எல்லாவற்றையும் ஓடுபவரே முதுகில் சுமக்க வேண்டும். டர்பனில் காம்ரேட்ஸ் என்னும் நெடுந்தூர ஓட்டத்தை ஓடிப் பழகிய நம்மவர்கள் இதைப் பற்றி விசாரிக்கும்போது பெரும்பாலும் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். காம்ரேட்ஸில் 90 கி.மீ. ஓடியவருக்குத் தூரம் பிடிபட்டுவிடும். என்ன தின்பது, எவ்வளவு குடிப்பது என்னும் இரண்டு கணக்குகளும் தவறாமல் இருந்தால்தான் கடைசி நாள்வரை நிற்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓட்டம் அக்டோபரில் வருவதால், கடைசிப் பயிற்சி வாரங்கள் புரட்டாசியில் விழுகின்றன. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் சைவம்தான். உடல் பழகிய உணவையே பாலைவனத்துக்கும் கொண்டு போவது என்று முடிவு செய்ததால், மற்றவர்கள் பில்டாங் என்னும் உலர்ந்த இறைச்சியை எடுத்துவைத்த இடத்தில் நான் வறுத்த வேர்க்கடலை, கடலை உருண்டை, அவல், எலுமிச்சை ஊறுகாய் ஆகியவற்றை வைத்தேன். கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4 கலோரி என்பதால், பையின் எடையை ஏற்றாமல் வலுவைக் கூட்டக் கொழுப்பு மிகுந்த கடலையை விஞ்சிய தின்பண்டம் எங்கள் சமையலறையில் வேறில்லை. ஒவ்வொரு நாளைக்கும் உரியதைத் தராசில் நிறுத்துத் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் கட்டியபோது, "இது ஒரு வேளைக்கே பத்தாதேம்மா" என்று அம்மா கலங்கினார்கள். ஊறுகாயை அவர்கள்தான் எண்ணெய் வடித்து, சிறு டப்பாவில் அழுத்தி அடைத்துக் கொடுத்தார்கள். மதிய வெயிலுக்குப் பின் இனிப்பைக் கண்டாலே குமட்டும் நேரத்தில், அவலை நனைத்து அதில் ஒரு துண்டு ஊறுகாயைப் பிசைந்தால் மட்டுமே தொண்டையில் இறங்கியது.

தண்ணீர்க் கணக்கு இதைவிடக் கடினமானது. டர்பனின் ஈரக் காற்றில் வியர்வை உடம்பிலேயே வழிந்து நிற்பதால் எவ்வளவு இழக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். கலஹாரியிலோ அது சுரந்த உடனே காய்ந்துவிடுகிறது, சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடுகளாகப் படியும் உப்பு மட்டுமே சாட்சி. வெயில் 40 பாகையைத் தாண்டும் நாள்களில், அச்சத்தால் குடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து மயங்கி விழுவதை 1985-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் நம் நாட்டு விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ். அதற்கு வழிகாட்டியதும் நம் காம்ரேட்ஸ் ஓட்டம்தான். (கறுப்பருக்கும் இந்தியருக்கும் பெண்களுக்கும் 1975 வரை அதிகாரபூர்வமாக இடம் தராதிருந்த ஓட்டம் அது என்பதை, இந்தியப் பெண்ணாகிய நான் அதன் பெயரை எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.) சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அதைக் குறைவு என்கிறார்கள். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் என்னும் அறிகுறிகள் நீர் வற்றியவரின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், பார்ப்பவர்கள் இரக்கப்பட்டு இன்னும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். இதில் எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான்.

70 முதல் 80 கி.மீ. வரை நீளும் நெடுங்கட்டத்தில், இருட்டிய பிறகு ஒரு சோதனைச் சாவடியில் அதை நேரில் கண்டேன். என் வயதை ஒத்த ஓட்டக்காரர் ஒருவர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கைக்கடிகாரப் பட்டை சதைக்குள் புதையும் அளவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. மருத்துவர் பட்டையைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மறுத்து, உப்பு மிகுந்த சூப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். உப்பு மாத்திரை கையில் இருந்தால் எவ்வளவும் குடிக்கலாம் என்னும் நம்பிக்கை நம் ஓட்டக் குழுக்களிலும் பரவியிருக்கிறது. மிதமிஞ்சிக் குடித்த தண்ணீரை எந்த மாத்திரையும் ஈடுகட்டாது. தாகம் எடுக்கும்போது தாகத்தின் அளவுக்குக் குடிப்பதே நான் கடைப்பிடித்த முறை.

கோக்கர்பூம் என்னும் பாலைநிலக் கற்றாழை மரங்கள் நிற்கும் குன்றுகளையும், கால் புதையும் வறண்ட ஆற்றுப்படுகைகளையும் பற்றித் தனியே எழுதலாம். அடுத்த ஆண்டு போக நினைப்பவர்களுக்கு இப்போதே தேவைப்படுவது வேறு. வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். பழகிய பின் வியர்வை விரைவில் தொடங்கும், அதில் உப்பும் குறையும். டர்பனின் அக்டோபர் இதற்குப் போதாது என்பதால், நீராவி அறையிலோ உள்நாட்டு வெயிலிலோ பழக வேண்டும். வெப்பத்தில் ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் ஓடி, முன்னும் பின்னும் உடைகளைக் களைந்து எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. அதற்கு மேல் குடிக்கக் கூடாது என்னும் எல்லையாக அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், முழுவதையும் குடித்து நிரப்ப வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.